கியர் ரிடக்ஷன் ஸ்டார்ட்டர்: ஆறு மாசம் ஓட்டின அனுபவம் (பழைய நோவா 350)

வண்டி 1972 செவ்ரோலே நோவா, 350 வி8, டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். பழைய டைரக்ட் டிரைவ் ஸ்டார்ட்டரை (மோட்டார் நேரா சுத்தறது) கழட்டிட்டு சின்ன சைஸ் கியர் ரிடக்ஷன் ஸ்டார்ட்டர் (நடுவுல கியர் வச்சு பலத்தை கூட்டறது) போட்டு ஆறு மாசம் ஆச்சு. ஸ்டார்ட்டர் நிஜமாவே நல்லா இருக்கு, ஆனா எந்த பிரச்சனைக்காக வாங்கினேனோ அது ஸ்டார்ட்டர் பிரச்சனையே இல்ல. வாங்கறதுக்கு முன்னாடி அதை படிச்சுட்டு வாங்குங்க.

முதல்ல என்ன ஆச்சுன்னா, சாவியை திருப்பினா நாலு தடவை ஒழுங்கா பிடிக்கும், அஞ்சாவது தடவை கர்ர்ர்னு பல்லோட பல்லு உரசற சத்தம், சில நேரம் எஞ்சின் சுத்தாம ஸ்டார்ட்டர் மட்டும் விர்ருன்னு சுத்தும். ஒரு மெக்கானிக் கேட்டவுடனே ஸ்டார்ட்டர் போச்சுன்னு சொல்லிட்டார், ரீபில்ட் பண்ணது ஒண்ணு போட்டோம், மூணு வாரத்துல அதே சத்தம். சரி நல்லதா வாங்கிடலாம்னு இந்த கியர் ரிடக்ஷனை வாங்கினேன், மாட்டின ரெண்டாவது நாளே திரும்ப கர்ர்ர். அப்ப எனக்கு வந்த வருத்தம் கொஞ்ச நஞ்சம் இல்ல.

அன்னிக்கு தான் ஒரு விஷயம் கவனிச்சேன். ஸ்டார்ட்டர் பிடிக்காம விர்ருன்னு சுத்தினப்ப சாவியை எடுத்துட்டு, கிராங்க் புல்லி போல்ட்ல சாக்கெட் போட்டு எஞ்சினை கையால கொஞ்சூண்டு திருப்பிட்டு மறுபடி சாவி போட்டேன், டக்குனு பிடிச்சுது. ஸ்டார்ட்டர் கெட்டிருந்தா எஞ்சினை திருப்பினதால எப்படி சரியாகும்? அப்போ தப்பு ஃப்ளெக்ஸ் பிளேட் பக்கம், அதாவது எஞ்சின் பின்னாடி கிராங்க்ல மாட்டியிருக்கற வட்டத் தகடு, அதோட ஓரத்துல இருக்கற பல் வளையம் தான் ரிங் கியர், ஸ்டார்ட்டர் அதைத்தான் பிடிச்சு சுத்தும். வி8 எஞ்சினை ஆஃப் பண்ணா கம்ப்ரஷன் அழுத்தத்துல அது ஏறக்குறைய அதே நாலு இடத்துல தான் வந்து நிக்கும், அதனால ரிங் கியர்ல அந்த இடத்து பல்லு தான் எப்பவும் அடி வாங்கும்.

பேட்டரி நெகட்டிவை கழட்டிட்டு, ஸ்டாண்ட் போட்டு அடியில போய், ஃப்ளெக்ஸ் பிளேட்டை மூடியிருக்கற டஸ்ட் கவரை எடுத்து, சாக்பீஸால ஒரு பல்லுல கோடு போட்டு, ஸ்பார்க் பிளக் எல்லாம் கழட்டி மெதுவா ஒரு முழு சுத்து சுத்தி பார்த்தேன். மொத்தம் 168 பல்லு. முக்கால்வாசி நல்லா இருந்துச்சு, ஒரு இடத்துல ஆறு பல்லு முனை மழுங்கி, மெழுகுவத்தி உருகின மாதிரி வழிஞ்சு போயிருந்துச்சு, அதுக்கு எதிர்ப்பக்கம் இன்னும் மூணு. அரை சுத்து மட்டும் பாத்துட்டு நல்லா இருக்குன்னு விட்டுடாதீங்க, முழுசா பாருங்க.

கியர்பாக்ஸை இறக்கினப்ப தான் பெரிய விஷயம் தெரிஞ்சுது. ஃப்ளெக்ஸ் பிளேட்ல கிராங்க் போல்ட் ஓட்டைகளை சுத்தி முடி மாதிரி விரிசல். ஐடில்ல ஒரு டொக் டொக் சத்தம் ரொம்ப நாளா இருந்துச்சு, எஞ்சினுக்குள்ள ராட் பேரிங் போகுதுன்னு பயந்துட்டு இருந்தேன். புது பிளேட் போட்டவுடனே அந்த சத்தம் சுத்தமா நின்னுடுச்சு. எஞ்சினை பிரிக்க சொல்றாங்கன்னா அதுக்கு முன்னாடி ஃப்ளெக்ஸ் பிளேட் விரிசலையும் டார்க் கன்வெர்ட்டரை (எஞ்சின் சுத்தை கியர்பாக்ஸுக்கு கொடுக்கறது) அதோட சேர்க்கற போல்ட் லூசா இருக்கான்னும் பாத்துடுங்க, அப்படியே பேரிங் சத்தம் மாதிரியே கேக்கும்.

பல்லு ஏன் போச்சு? யாரோ முன்னாடி ஸ்டார்ட்டருக்கு சாதா போல்ட் போட்டிருக்காங்க. இதுக்கு தண்டுல சொரசொரப்பு வெட்டின போல்ட் தான் போடணும், அது ஓட்டையில இறுக்கமா உக்காந்து ஸ்டார்ட்டரை அசைய விடாது. சாதா போல்ட்ல ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் ஸ்டார்ட்டர் கொஞ்சம் கொஞ்சமா நகரும். ஸ்டார்ட்டரோட முன்பக்கத்தை தாங்கற பிராக்கெட்டும் காணோம்.

புது பிளேட் வாங்கும்போது பல்லு எண்ணி வாங்குங்க, 153 பல்லும் இருக்கு 168 பல்லும் இருக்கு, ஸ்டார்ட்டர் உக்கார்ற விதமே மாறும். 400 எஞ்சினுக்கும், 1986லேர்ந்து வந்த ஒன் பீஸ் ரியர் சீல் (கிராங்க் பின்பக்க ஆயில் சீல் ஒரே துண்டா இருக்கறது) எஞ்சினுக்கும் வெயிட் வச்ச பிளேட், 400 பிளேட்டை பழைய 350ல போட்டா ஆட்டம் கொடுக்கும், 1986க்கு அப்புறம் வந்ததுல கிராங்க் போல்ட் ஓட்டையே சேராது.

இப்ப ஸ்டார்ட்டருக்கு வர்றேன். பழசுல பாதி எடை கூட இல்ல, படுத்துட்டு ஒரு கையால தூக்கி பிடிச்சு மாட்டிடலாம். மவுண்ட்ல ரெண்டு வகை ஓட்டையும் இருக்கறதால 153, 168 ரெண்டுக்கும் சேரும். ஹெடர் (சூடான எக்ஸாஸ்ட் குழாய்) பக்கத்துலேர்ந்து தள்ளி நிக்குது, முன்னாடி நல்லா ஓட்டிட்டு நிறுத்தினா சூட்டுல இழுத்து இழுத்து சுத்தும், இப்ப எவ்வளவு சூடா இருந்தாலும் முதல் திருப்பலிலேயே எடுக்குது. சத்தம் மட்டும் வேற மாதிரி, பழசை விட கொஞ்சம் உயர்ந்த சுருதியில இருக்கும், அது கோளாறு இல்ல.

குறைன்னா ரெண்டு. பழைய சோலனாய்டுல (ஸ்டார்ட்டர் மேல இருக்கற மின்காந்த சுவிட்ச்) ஆர்னு ஒரு டெர்மினல் இருக்கும், ஸ்டார்ட் பண்றப்ப இக்னிஷன் காயிலுக்கு முழு வோல்ட்டும் அது வழியா போகும், இதுல அது இல்ல. பாயிண்ட் இக்னிஷன் (எலக்ட்ரானிக் இல்லாத பழைய வகை) வச்சிருக்கவங்க சாவி வயர் வர்ற எஸ் டெர்மினல்லேர்ந்து டையோடு (கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடறது) வச்சு ஒரு வயர் இழுக்கணும், நான் அப்படித்தான் பண்ணேன். ரெண்டாவது, கூட வந்த பேப்பர்ல ஷிம் (ஸ்டார்ட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவுல வைக்கற மெல்லிசு தகடு) பத்தி ஒரு வரி தான் இருக்கு. ஸ்டார்ட்டர் முனையில இருக்கற சின்ன கியரை, அதாவது பினியனை, வெளிய இழுத்து பல்லோட பல்லு சேர்த்துட்டு, பினியன் பல்லு முனைக்கும் ரிங் கியர் பள்ளத்துக்கும் நடுவுல ஒரு பேப்பர் கிளிப் கம்பி நுழையணும், சுமார் 0.035 இன்ச். எஞ்சின் எடுக்கறதுக்கு முன்னாடி சுத்தும்போதே கீச்சுனா ரொம்ப தள்ளி இருக்குன்னு அர்த்தம், எஞ்சின் எடுத்து சாவியை விடும்போது கீச்சுனா ரொம்ப நெருக்கம், ஒரு ஷிம் சேருங்க. இதை டப்பாவுலயே போட்டு கொடுத்திருக்கலாம்.

5க்கு 4. போன வாரம் டஸ்ட் கவரை கழட்டி சாக்பீஸ் கோடு போட்டு திரும்ப ஒரு முழு சுத்து பார்த்தேன், 168 பல்லும் முனை மழுங்காம அப்படியே இருக்கு.