தரகர் அறிக்கையா, காலாண்டு அறிக்கையா?

எதைப் பார்த்துப் பங்கு வாங்குவது? கோலாலம்பூரில் பங்கு வாங்குவோர் பலருக்கும் உள்ள தடுமாற்றம் இது.

செலவு: தரகு நிறுவன ஆய்வறிக்கை பெரும்பாலும் கணக்கு வைத்திருப்போருக்கு இலவசம், நிறுவனமே மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு காட்டும் காலாண்டு அறிக்கை, பங்குச் சந்தையான புர்சா மலேசியாவின் தளத்தில் எல்லோருக்கும் இலவசம்.

எளிமை: முன்னதில் இலக்கு விலை, அதாவது பங்கு எட்டும் என ஆய்வாளர் கணிக்கும் விலை, தயாராக இருக்கும். பின்னதில் குறிப்புகளையும் படிக்க வேண்டும். முந்தைய காலாண்டு ஒப்பீடு அங்கேதான்.

சார்பு: கவனம் இங்கே! ஆய்வாளர்கள் 'விற்கலாம்' என்பது அரிது. நிர்வாகத்தைப் பகைத்தால் தகவல் வறண்டுவிடும். ஆகவே 'விற்கலாம்' என்ற சொல் வந்தால் அதற்கு எடை அதிகம். நிதித்துறைப் பேராசிரியர் கென்ட் வோமாக்கின் 1996 அமெரிக்க ஆய்வில், 'வாங்கு' பரிந்துரைக்குப் பின் சராசரியாக 2.4% கூடுதல் ஏற்றம்தான், அதுவும் சீக்கிரம் அடங்கியது. 'விற்பனை'க்குப் பின்? 6 மாதத்தில் 9.1% சரிவு.

தொழிலைப் புரிந்துகொள்ளத் தரகர் அறிக்கை. கடன், ரொக்கவரவு சரிபார்க்கக் காலாண்டு அறிக்கை. இலக்கு விலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.