மாதாந்திர மாத்திரை: தனியார் கடையா, மக்கள் மருந்தகமா, ஆரம்ப சுகாதார நிலையமா?

டெல்டா கிராமத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஆயுள் முழுக்க மாத்திரை போடும் பெரியவர்களுக்கு என் தேர்வு ஆரம்ப சுகாதார நிலையம்தான். அங்கே இல்லாததற்கு மட்டும் மத்திய அரசின் மலிவு விலைக் கடையான மக்கள் மருந்தகம்.

தனியார் கடையில் எழுதிக் கொடுத்த பிராண்டே கிடைக்கும், கடனும் தருவார்கள். ஆனால் அரசின் உச்சவிலையை நம்பிச் செலவு குறையும் என்று இருக்க முடியாது. 2013 விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, சந்தையில் குறைந்தது 1 சதவீதப் பங்குள்ள பிராண்டுகளின் சராசரி விலையோடு கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்த்தால் அதுதான் உச்சவிலை. சந்தை கேட்கும் விலையே அளவுகோல். உச்சவிலைப் பட்டியலில் வராத மருந்துக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் வரை ஏற்றவும் செய்யலாம்.

விலை உண்மையில் இறங்குவது டெண்டரில். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுவதற்குமான தேவையைத் திரட்டி, பிராண்டைப் பார்க்காமல் மருந்தின் மூலப்பெயரில் விலை கேட்கிறது. அத்தனை பெரிய ஆர்டரை விட மனமில்லாமல் கம்பெனிகள் விலையை இறக்குகின்றன. கிடங்குக்கு வரும் சரக்கின் மாதிரி ஆய்வகத்தில் தேறிய பிறகுதான் மருத்துவமனைக்குப் போகிறது. ‘ஓசி மாத்திரை கேட்காது’ என்ற பேச்சில் நியாயமில்லை.

ஆனாலும் எனக்கு விலையை விடப் பெரிது, மாத்திரை விடாமல் கிடைப்பது. இங்கே அறுப்புக்கு அறுப்புதான் கையில் காசு. நடுவில் அரை அட்டை வாங்கி ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கும்பகோணமோ மன்னார்குடியோ போய்வரவும் முடியாது. ரத்த அழுத்த மாத்திரையான ஆம்லோடிபினை நிறுத்தினால் உடம்பு உடனே எதையும் காட்டாது, அழுத்தம் மட்டும் மெல்ல ஏறிவிடும், சிலருக்குப் பக்கவாதத்தில்தான் தெரியவரும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பெயரைப் பதிந்து, மழைக்கு முன்பே அடுத்த மாதத்துக்கும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள்.

மாறும்போது நடக்கும் பெரிய தவறு இரட்டை டோஸ். தனியார் டாக்டர் சர்க்கரைக்கு கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த கூட்டு மாத்திரை எழுதியிருப்பார். சுகாதார நிலையத்தில் இரண்டையும் தனித்தனியாகத் தருவார்கள். பழையதையும் சேர்த்து விழுங்கினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். பழைய அட்டைகளை மருத்துவரிடம் காட்டி, எது எதற்குப் பதில் என்று எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் பழையதை எடுத்துவிடுங்கள். மெட்ஃபார்மின் அட்டையில் ‘எஸ்ஆர்’ என்றிருந்தால் அதை நசுக்கக் கூடாது. மெதுவாகக் கரைய வேண்டிய மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும்.

மக்கள் மருந்தகத்தில் விலை மலிவுதான், ஆனால் கேட்ட மருந்து எல்லா மாதமும் இருக்காது. சீட்டில் மூலப்பெயர் இருந்தால் தேடுவது எளிது. மாநில அரசின் முதல்வர் மருந்தகம் 2025 பிப்ரவரியில்தான் வந்தது; அதை எடைபோட இன்னும் சில ஆண்டுகள் போகட்டும்.

தைராய்டு மருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், வலிப்பு மருந்து மூன்றையும் மட்டும் விலைக்காகக் கம்பெனி மாற்றாதீர்கள். மாற்றியே ஆகவேண்டுமென்றால் மருத்துவரைக் கேட்டே மாற்றுங்கள். தைராய்டுக்கு ஆறு வாரம் கழித்து டிஎஸ்ஹெச் என்ற ரத்தப் பரிசோதனையும், வார்ஃபரினுக்குச் சில நாளிலேயே ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையும் வேண்டும்.