ரிமோட் படகைத் திருத்தக் கொடுக்க முதல் இதை வாசியுங்கள்

ரிமோட்டில் ஓடும் படகு, விமானம், கார் என்று எதையாவது கூரியரில் அனுப்பித் திருத்துவிக்க யோசிக்கிறவர்கள் இதை வாசித்துவிட்டு அனுப்புங்கள். எனக்கு 56,000 ரூபாய் போனது. கூடவே ஒரு பழைய மோட்டரும் போனது. ஆளின் பெயரைப் போடவில்லை. போட்டால் வக்கீல் செலவும் என் தலையில் விழும். கொழும்புப் பக்கம், முகநூலில் 'திருத்த முன், திருத்திய பின்' என்று பளபளவெனப் படம் போடுகிறவர். இவ்வளவு போதும்.

படகு அப்பா கட்டியது. துறைமுகத்தில் இழுவைப் படகில் எஞ்சின் பக்கம் வேலை செய்தவர். ஓய்வு பெற்ற பிறகு, 2012இல், திருகோணமலை உவர்மலை வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு மரச்சட்டம் வைத்து, பலகைக் கீலம் கீலமாக ஒட்டி, வெளியே பைபர் துணியும் ரெசினும் போட்டு ஒரு இழுவைப் படகைச் செய்து முடித்தார். 84 சென்ரிமீட்டர் நீளம். 550 அளவு பிரஷ் மோட்டர், 7.2 வோல்ற் பற்றரி. ஓடினால் நடைவேகம்தான். "இழுக்கிற போட் ஏன் பறக்கவேணும்?" என்பார்.

அவர் போய் இரண்டு வருடம். அதற்கு முன்பே மூன்று வருடமாகப் படகு அலுமாரிக்கு மேலேதான் கிடந்தது. இறக்கிப் பார்த்தால் பற்றரி கசிந்து கம்பியெல்லாம் பச்சை பூத்திருந்தது. புரொப்பெல்லரைச் சுழற்றும் ஷாப்ட் இறுகிப்போயிருந்தது. சுக்கானைத் திருப்பும் சேர்வோ உறுமியதே தவிர அசையவில்லை. அணியத்துக்கு, அதாவது படகின் முன்பக்கத்துக்கு, கீழே பெயின்ற் கொப்பளித்திருந்தது.

ஊருக்குள் ஆள் தேடாமல் போனில் தேடியது என் பிழை. படங்களைப் பார்த்து மயங்கிப்போனேன். 32,000 என்றார். பாதியை முற்பணமாக வங்கியில் போட்டேன். இரண்டு கிழமையில் அழைப்பு. "அண்ணா, மோட்டர் முடிஞ்சுது. பிரஷ்லெஸ் போட்டுருவோம், சூப்பரா ஓடும்." பிரஷ் இல்லாத வேறு வகை மோட்டர் அது. அதற்கு 14,500. பிறகு புது லித்தியம் பற்றரிக்கு 9,500. கடலில்தான் விடுவேன் என்று ஆரம்பத்திலேயே குரல் பதிவில் சொல்லியிருந்தேன். "அதெல்லாம் நாங்க பார்த்துக்குறோம் அண்ணா" என்ற பதில் இன்னும் என் வட்ஸ்அப்பில் இருக்கிறது.

மார்ச் கடைசியில் பார்சல் வந்தது. திறந்தபோது கண் கூசியது. கறுப்பு உடல், சிவப்பு அடிப்பாகம், கண்ணாடி மாதிரி மினுக்கம். அம்மா கொஞ்சம் அழுதும் விட்டார். கூரியர் சிட்டையை நான் பிறகுதான் ஒப்பிட்டேன்: போகும்போது பெட்டியோடு 5.2 கிலோ, வரும்போது அதே பெட்டி 6.1 கிலோ. பழைய பற்றரியை எடுத்துவிட்டு அதைவிடப் பாரம் குறைந்த லித்தியம் போட்ட படகு எப்படி 900 கிராம் கூடும்? அன்றைக்கே எனக்கு உறைத்திருக்கவேண்டும்.

மேல்தளத்தைச் சுற்றிச் சிலிக்கன் அடித்து மூடியிருந்தார்கள். சார்ஜ் போட ஒரு வயர் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் போகாமல் இருக்கத்தான் அந்தச் சீல், திறந்தால் உத்தரவாதம் இல்லை என்றார்கள். உத்தரவாதத்துக்குப் பயந்து திறக்காமல் விட்டேன்.

அப்பாவின் திவசம் ஜூலையில். அது முடிந்த கிழமைதான் டச்பே கடற்கரைக்குக் கொண்டுபோனேன். அந்த மாதங்களில் எங்கள் பக்கத்துக் கடல் குளம்போலக் கிடக்கும். ஆனால் கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். அதை யோசிக்காதது என் இரண்டாவது பிழை.

முதல் ஐந்து நிமிடம் அழகாக ஓடியது. கரையில் ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் பின்னால் ஓடிவந்தார்கள். ஒரு அறுபது மீட்டர் போயிருக்கும், சுக்கான் கேட்கவில்லை. வேகத்தைக் குறைத்தேன், குறையவில்லை. ரிமோட்டையே அணைத்துப் பார்த்தேன். படகு தன்பாட்டுக்கு முழு வேகத்தில் வெளியே போய்க்கொண்டிருந்தது. பின்னாலிருந்து கச்சானும் தள்ளியது. இந்த ஊரில் ஆளில்லாத படகொன்று தன் எண்ணத்துக்குக் கடற்படை முகாம் பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்று நினைக்க வயிற்றைக் கலக்கியது. போர்க்காலத்தைப் பார்த்த, ஐம்பதைத் தாண்டிய திருகோணமலைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நல்லகாலம், அது தானாகவே நின்றது. பின்பக்கம் தாழ்ந்து, அணியம் மட்டும் மேலே தெரிந்தது. தூண்டிலுக்குப் போய்த் திரும்பிய பைபர் போட் ஒன்று தூக்கிக்கொண்டு வந்து தந்தது. "பிள்ளையின்ர விளையாட்டுச் சாமானோ அண்ணை?" என்றார் ஓட்டிவந்த பெடியன். ஓம் என்று சொல்லி வாங்கினேன்.

அடுத்த நாள் திருக்கடலூரில் பைபர் போட் திருத்தும் ஒரு அண்ணையிடம் கொண்டுபோனேன். அவர் ஐந்து ரூபாய்க் குத்தி ஒன்றால் உடம்பெல்லாம் தட்டிக்கொண்டு வந்தார். சில இடம் 'டிங்', சில இடம் 'தொக்கு'. "தம்பி, இது கார்ப் புட்டி" என்று சொல்லி உளியால் ஒரு கீறல் போட்டார். அணியத்தடியில் விரல் தடிப்புக்குப் புட்டி. அதற்குப் பின்னால் இத்துப்போன பலகை அப்படியே, ஈரமாக. கார் தகரத்தின் நெளிவை நிரப்பச் செய்த புட்டி அது, தண்ணீருக்குள் கிடந்தால் ஈரம் குடிக்கும். இத்த மரத்தைச் சுரண்டி எடுத்து, காயவைத்து, எப்பொக்ஸி போட்டுப் பிறகுதான் துணி ஒட்டவேண்டும். அது நாட்கணக்கான வேலை. புட்டி பூசிப் பெயின்ற் அடிக்க ஒரு பின்னேரம் போதும்.

பிறகு தளத்தை வெட்டித் திறந்தோம். ஷாப்ட் போகும் குழாய்க்குள் கிரீஸ் இருக்கவேண்டும். அதுதான் சுழலவும் விடும், தண்ணீரையும் தடுக்கும். அங்கே சிலிக்கனை அடைத்திருந்தார்கள். ஷாப்ட் சுழன்றதும் அது பிய்ந்து, குழாய் வழியே கடல் உள்ளே வந்துவிட்டது. ரிமோட்டின் கட்டளையைப் பிடிக்கும் ரிசீவரின் அன்ரெனாவைச் சுருட்டிப் படகின் அடியில், நீர்மட்டத்துக்கும் கீழே ஒட்டியிருந்தார்கள். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை தண்ணீரைத் தாண்டாது. நுனியில் உறையில்லாத அந்த 31 மில்லிமீட்டர் துண்டு எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு நல்லது. சிக்னல் அறுந்தால் மோட்டரை நிறுத்தச் சொல்லும் பெயில்சேப்பையும் யாரும் அமைக்கவில்லை. அதனால்தான் ரிசீவர் கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்துக்கொண்டு ஓடியது.

பற்றரி ஊதிப்போய்க் கிடந்தது. லித்தியம் பற்றரியின் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ற்றுக்கு மேலே ஏறக்கூடாது, 3க்குக் கீழே இறங்கவும் கூடாது. செல்களைச் சமப்படுத்தும் சின்ன வயரை உள்ளேயே விட்டு மூடிவிட்டு, பெரிய வயரில் மட்டும் என்னைச் சார்ஜ் போட வைத்திருக்கிறார்கள். அதுவும் மரப்படகுக்குள், வீட்டு மேசையில், அம்மா தூங்கும் அறைக்குப் பக்கத்தில். தீப்பிடித்திருந்தால்? இன்னும் எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

14,500 ரூபாய்ப் பிரஷ்லெஸ் மோட்டருக்கு இரண்டே வயர். பிரஷ்லெஸ் என்றால் மூன்று வயர் இருக்கும், இதைச் சின்னப்பிள்ளையும் எண்ணிப் பார்க்கலாம். யாரோ பாவித்துக் கழித்த பிரஷ் மோட்டர் ஒன்றைத் துடைத்து வைத்திருந்தார்கள். படகு முழுதாகத் தாழாததற்குக் காரணம், அப்பா அணியத்துக்குள் அடைத்த ரெஜிபோம் என்கிற மிதக்கும் வெள்ளை நுரை. அதை வெளியே எடுக்கக்கூட அவர்கள் மினக்கெடவில்லை.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால், ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளே எடுத்த படம் கேளுங்கள், பெயின்ற் அடித்த படம் வேண்டாம். கழற்றிய பழைய சாமானையெல்லாம் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். சீல் பண்ணிய படகை வாங்கவே வேண்டாம். வந்த அன்றைக்கே ஒரு தாங்கியில் வைத்து, மோட்டரை மெதுவாக ஓடவிட்டு, ரிமோட்டை அணையுங்கள். புரொப்பெல்லர் நிற்காவிட்டால் அது தண்ணீருக்கு ஆயத்தமில்லை.

அந்தக் கொழும்புக்காரருக்குப் படங்கள் எல்லாம் அனுப்பினேன். "உப்புத் தண்ணியில விட்டா அப்படித்தான் அண்ணா" என்று ஒரு வரி. பிறகு பிளொக். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுக்கலாம் என்று சொன்னார்கள். ஆனால் முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். நான் திவசத்துக்காகக் காத்திருந்த காலத்தில் அந்த மூன்று மாதமும் கடந்துவிட்டது. ஆகவே வாங்கிய உடனே ஓட்டிப் பாருங்கள், நல்லநாள் பார்க்காதீர்கள். பற்றுச்சீட்டும் கேட்டு வாங்குங்கள். என்னிடம் இருப்பது வங்கிச் சிட்டை மட்டும்தான்.

படகு இப்போது திருக்கடலூரில், நிழலில் காய்கிறது. மரம் காயும்வரை விலை சொல்லமாட்டேன் என்கிறார் அண்ணை.

அப்பாவின் மோட்டர் இறுகவில்லை, ஷாப்ட்தான் இறுகியிருந்தது. அதனால் அதை எறிந்திருக்க மாட்டார்கள், யாருக்காவது விற்றிருப்பார்கள். பாவித்த 550 மோட்டர் யாராவது வாங்கியிருந்தால் பின் மூடியைப் பாருங்கள். பொசிற்றிவ் வயர் வரும் பக்கத்தில், அம்மாவின் சிவப்பு நெயில் பொலிஷால் வைத்த ஒரு பொட்டு இருக்கும். சொல்லுகிற விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்.