நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்புவோருக்கு: கவுன்டர் ஸ்டிரைக்கா, டோட்டாவா?

கோவை, ஈரோடு, பெருந்துறை வட்டாரப் பொறியியல் கல்லூரி விடுதிகளில் 2010களின் நடுவில் படித்தவர்களின் இரவுகளைப் பெரும்பாலும் இரண்டு கணினி ஆட்டங்கள் பங்கிட்டுக்கொண்டன: ஐவர் அணிகள் துப்பாக்கியால் மோதும் கவுன்டர் ஸ்டிரைக், ஐவர் அணிகள் ஆளுக்கொரு நாயகனை வைத்து மோதும் டோட்டா 2. வேலை, திருமணம், குழந்தை என்று பல ஆண்டுகள் விலகியிருந்துவிட்டு, இப்போது அவர்களில் பலர் இந்த ஆட்டங்கள் கிடைக்கும் ஸ்டீம் தளத்தின் மறந்துபோன கடவுச்சொல்லை மீட்டெடுத்துக்கொண்டு திரும்பி வருகிறார்கள். தனியாகத் திரும்புகிறவருக்குக் கவுன்டர் ஸ்டிரைக்கும், பழைய குழுவில் மூன்று பேராவது சேர்ந்து திரும்புகிறவர்களுக்கு டோட்டாவும் பொருந்தும் என்பதே என் முடிவு.

கவுன்டர் ஸ்டிரைக் 2, 2023 செப்டம்பர் 27 அன்று பழைய பதிப்பான குளோபல் அஃபென்சிவின் இடத்திலேயே வந்து அமர்ந்ததால், கணக்கும் அதில் சேர்த்த துப்பாக்கி ஸ்கின்களும் (அலங்காரத் தோற்றங்கள்) அப்படியே கிடைக்கின்றன. மிராஜ், இன்ஃபெர்னோ, டஸ்ட் 2 ஆகிய களங்களின் வழிகளும் முனைகளும் பழையவைதான். ஏகே-47 சுடும்போது மேலேறிப் பிறகு பக்கவாட்டில் ஆடும் போக்கைப் பழகிய கை, செத்தாலும் உடனே உயிர்பெற்றுச் சுட்டுப் பழகும் டெத்மேட்சைச் சில நாள் ஆடினாலே அதை மீட்டுக்கொள்கிறது. புதிதாகக் கற்க வேண்டியவை குறைவு. ஆனால் அவை முக்கியமானவை. முன்பு 30 சுற்றுகளில் 16 வென்றால் வெற்றி. இப்போது 24 சுற்றுகளில் 13 வென்றால் போதும் என்பதால், ஆயுதம் வாங்க ஆட்டத்துக்குள் கிடைக்கும் பணத்தைத் தவறாகச் செலவழித்து இழக்கும் ஒரு சுற்றுக்கும் விலை கூடிவிட்டது. புகைக்குண்டில்தான் பழைய ஆட்டக்காரர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். புகைக்குள் ஒரு வெடிகுண்டு விழுந்தால் சில நொடிகளுக்கு நடுவில் பெரிய திறப்பு உண்டாகிறது. அதன் பின்னால் பழைய நம்பிக்கையில் அசையாமல் நிற்பவர் அந்தத் திறப்பின் வழியாகவே சுடப்படுகிறார்.

டோட்டாவின் நிலை வேறு. அங்கே கையின் பழக்கத்தைவிடத் தலையில் சேர்த்த அறிவே ஆட்டம். அந்த அறிவைத்தான் ஒவ்வொரு பெரிய திருத்தமும் கலைத்துப் போட்டிருக்கிறது. 2016 டிசம்பரில் வந்த 7.00 என்ற திருத்தம், நாயகன் வளர வளர இரண்டில் ஒரு கூடுதல் திறமையைத் தேர்ந்தெடுக்கும் திறமை மரங்களைக் கொண்டுவந்தது. 2019 நவம்பரின் 7.23, காட்டு உயிரிகளை வீழ்த்தினால் கிடைக்கும் நடுநிலைப் பொருள்களைச் சேர்த்ததோடு, வாங்கிய பொருளைச் சுமந்து வரும், அணிக்கு ஒன்றாக இருந்த கூரியரை ஆளுக்கு ஒன்றாக்கியது. 2023 ஏப்ரலின் 7.33-இல் வரைபடம் சுமார் 40 சதவீதம் பெரிதாகி, இரு அணிகளும் வேட்டையாடும் பெரும் பூதமான ரோஷன் பகலுக்கு ஒரு குழி, இரவுக்கு ஒரு குழி என்று இடம் மாறத் தொடங்கியது. 2024 மே மாதத்து 7.36, ஒவ்வொரு நாயகனுக்கும் ஒரு பிறவித் திறனைக் கொடுத்தது. தனியாகத் திரும்பும் ஒருவர் ஆட்டம் தொடங்கியதும் கூரியர் யார் வாங்குவது என்று கேட்டால், முன்பின் தெரியாத நான்கு பேரிடமிருந்து வசவுதான் வரும். அதே கேள்வியைப் பழைய விடுதித் தம்பியிடம் கேட்டால், "கூரியர் இப்ப ஆளுக்கு ஒண்ணுங்ணா, வாங்கவே வேண்டாமுங்" என்று பொறுமையாகப் பதில் வரும். டோட்டாவுக்குத் துணையோடு திரும்பச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. கற்றுக்கொடுக்க ஆள் இருந்தால் இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் உண்மையிலேயே சுவையானவை.

நேரக் கணக்கில் கவுன்டர் ஸ்டிரைக்கே முந்துகிறது. திருப்பூரில் ஷிப்மென்ட் நெருக்கடியில் இரவு பத்து மணிக்கு வீடு சேர்பவர், பத்து நிமிட டெத்மேட்சை எப்போது வேண்டுமானாலும் தொடங்கி, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். டோட்டாவில் விரைவு வடிவமான டர்போ ஆட்டம்கூட இருபது நிமிடத்துக்கு மேல் இழுக்கும். பாதியில் எழுந்தால் தண்டனை உண்டு. ஆனால் சோமனூர், பல்லடம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு நொடி மின்சாரம் விட்டு வந்து ரௌட்டர் மறுபடி உயிர்பெறக் காத்திருக்கும் வேளையில் டோட்டாவே கைகொடுக்கிறது. அங்கே தோழர்கள் ஆட்டத்தை நிறுத்தி வைக்கலாம், திரும்பிச் சேர ஐந்து நிமிட அவகாசமும் இருக்கிறது. கவுன்டர் ஸ்டிரைக்கில் நடக்கும் சுற்று யாருக்காகவும் நிற்பதில்லை.

கணினி பழையதாக இருந்தாலும் டோட்டாவுக்கே சாதகம்: அதற்கு 4 ஜிபி ராமும் 60 ஜிபி இடமும் போதும், கவுன்டர் ஸ்டிரைக் 2 கேட்பது 8 ஜிபி ராமும் 85 ஜிபி இடமும். மேக் கணினி வைத்திருப்போருக்குக் கவுன்டர் ஸ்டிரைக்கின் கதவு மூடிவிட்டது.

கவுன்டர் ஸ்டிரைக்கைப் போன்ற துப்பாக்கி ஆட்டமான வேலோரன்ட்டை இங்கே சேர்க்கவில்லை. 2020-இல் வந்த அந்த ஆட்டத்துக்கு இவர்களில் பெரும்பாலோர் புதியவர்கள். ரேங்க் பற்றிய கவலையை இரண்டிலும் தள்ளி வைக்கலாம். கவுன்டர் ஸ்டிரைக்கின் தரவரிசை ஆட்டமான பிரீமியரில் பத்து வெற்றிகளுக்குப் பிறகே மதிப்பெண் தெரியும். டோட்டாவோ நெடுநாள் ஆடாதவரின் பழைய மதிப்பெண்மீது தானே நம்பிக்கையைக் குறைத்துக்கொண்டு, அது மிகவும் தாழ்ந்துவிட்டால் ரேங்க்கையே மறைத்துவிடுகிறது.