கூகுள் விளம்பரமா, மேப்பா, இன்ஸ்டாவா: சேலத்துச் சிறு வியாபாரிக்கு எது கை கொடுக்கும்?

வெப்சைட் போட்டாச்சு, ஆள்தான் வரவில்லை என்கிற புலம்பலை செவ்வாய்ப்பேட்டையிலும் கேட்கலாம், ஏற்காட்டிலும் கேட்கலாம். உடனே யாராவது ஒருவர் வந்து, மாதம் இவ்வளவு கொடுங்கள், பத்தாயிரம் பேரைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்பார். பத்தாயிரம் பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கொலுசுப் பட்டறைக்கு மாதம் பத்து மொத்த வியாபாரிகள் கூப்பிட்டால் போதும். ஆறு ரூம் வைத்திருக்கும் ஹோம்ஸ்டேவுக்கு சனி, ஞாயிறு நிறைந்தால் போதும்.

அதனால் வழிகளை ஒப்பிடும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உங்களிடம் வாங்குகிறவர் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு தேடுகிறாரா, இல்லை கண்ணில் பட்ட பிறகுதான் அவருக்கு வாங்கத் தோன்றுகிறதா? எல்லாமே இதில்தான் நிற்கிறது. கொலுசு மொத்தமாக எடுப்பவர் முதல் வகை. இளம்பிள்ளைச் சேலை வாங்குபவர் பெரும்பாலும் இரண்டாவது வகை. ஏற்காட்டுக்கு வருகிறவர் இரண்டுக்கும் நடுவில்.

முதல் வகைக்கு கூகுள் தேடல் விளம்பரத்தை மிஞ்ச ஒன்றும் இல்லை. 2000-ல் ஆட்வேர்ட்ஸ் என்ற பெயரில் வந்து 2018-ல் கூகுள் ஆட்ஸ் ஆன அதே சங்கதிதான். ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு ஏலம் நடக்கும். ஆனால் அதிகப் பணம் கட்டியவர்தான் மேலே வருவார் என்று கிடையாது. தேடிய சொல்லுக்கும் உங்கள் விளம்பரத்துக்கும் கிளிக் செய்தால் திறக்கும் பக்கத்துக்கும் பொருத்தம் இருந்தால் குறைந்த தொகையிலும் மேலே வரலாம். கொலுசு என்று தேடி வந்தவரை முகப்புப் பக்கத்தில் இறக்கிவிட்டு, எங்கள் நிறுவனம் பற்றி, எங்கள் நோக்கம் என்று படிக்கச் சொன்னால் அவர் திரும்பிப் போய்விடுவார். மொத்த வியாபாரி பார்ப்பது எத்தனை டச் (வெள்ளியின் சுத்தம்), கூலி எவ்வளவு, குறைந்தபட்சம் எத்தனை கிலோ எடுக்க வேண்டும், பார்சல் எப்படி வரும், அவ்வளவுதான். கெட்டிக் கொலுசுக்கு ஒரு பக்கம், முத்துக் கொலுசுக்கு ஒரு பக்கம், குழந்தைத் தண்டைக்கு ஒரு பக்கம், ஒவ்வொன்றிலும் இந்த நாலு விவரம் என்று வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

காசு ஓட்டையாகப் போகிற இடம் கீவேர்டு, அதாவது எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று நீங்கள் கொடுக்கும் சொல். புதிதாகச் சேர்க்கும் கீவேர்டை, நீங்கள் மாற்றாதவரை, கூகுள் பிராட் மேட்ச் ஆகத்தான் எடுத்துக்கொள்ளும். அதாவது நீங்கள் வெள்ளிக் கொலுசு என்று போட்டால், இன்றைய வெள்ளி விலை பார்க்கிறவர், கொலுசு டிசைன் படம் தேடுகிறவர், பழைய கொலுசை விற்க நினைக்கிறவர் என்று எல்லாருக்கும் விளம்பரம் போகும். ஒரு நாளைக்கு 300 ரூபாய், ஒரு கிளிக்குக்கு 15 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் 20 பேர் வருகிறார்கள். அதில் பாதிப்பேர் விலை பார்க்க வந்தவர்கள் என்றால் உண்மையான ஒரு ஆளுக்கு நீங்கள் கொடுப்பது 30 ரூபாய். மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. பதிவு உள்ளவர் இன்புட் கிரெடிட்டில் எடுத்துக்கொள்ளலாம், இல்லாதவருக்குக் கைக்காசு. உங்கள் சொல்லோடு நெருங்கிப் பொருந்தும் தேடலுக்கு மட்டும் விளம்பரம் காட்டும் பிரேஸ் மேட்ச் அல்லது எக்ஸாக்ட் மேட்ச் வைத்து ஆரம்பியுங்கள். வாரம் ஒருமுறை, மக்கள் உண்மையில் என்ன தேடினார்கள் என்று காட்டும் சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்டைத் திறந்து, சம்பந்தமில்லாத சொற்களை நெகட்டிவ் கீவேர்டில், அதாவது விளம்பரம் வரக் கூடாத சொற்களின் பட்டியலில், தள்ளுங்கள். இந்த வேலையை மட்டும் விடாமல் செய்கிறவர்களுக்குச் சின்ன பட்ஜெட்டிலும் பலன் வருகிறது.

அப்புறம் லொகேஷன், அதாவது விளம்பரம் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பது. அங்கே இருப்பவர் மட்டுமா, அந்த இடத்தில் ஆர்வம் காட்டுகிறவரும் சேர்த்தா என்று ஒரு தேர்வு இருக்கும். தானாக நிற்பது இரண்டாவது. ஃபேர்லேண்ட்ஸில் ஏ.சி. ரிப்பேர் செய்பவருக்கு அது வீண் செலவு, சேலத்தில் இருப்பவர் மட்டும் என்று மாற்ற வேண்டும். ஏற்காட்டு ஹோம்ஸ்டேவுக்கோ ஏற்காட்டில் இருப்பவரைப் பிடித்து என்ன பயன், சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூரை லொகேஷனாக வைத்து, ஏற்காடு என்பதைக் கீவேர்டில் வைக்க வேண்டும். நாட்டைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் இன்னொரு வில்லங்கம்: அமெரிக்காவில் ஒரேகான் மாநிலத்தின் தலைநகரும் சேலம், மாசசூசெட்ஸிலும் ஒரு சேலம் இருக்கிறது, ஆங்கிலத்தில் எழுத்துகூட மாறாது. மற்ற வெப்சைட்டுகளிலும் ஆப்களிலும் விளம்பரம் காட்டும் டிஸ்ப்ளே நெட்வொர்க் என்ற பெட்டி டிக் போட்டே வரும், அந்த டிக்கையும் எடுத்துவிடுங்கள். கேம் விளையாடும்போது விரல் தவறிப் பட்ட கிளிக்குக்கெல்லாம் சின்ன வியாபாரி பணம் கட்ட முடியாது.

எஸ்.இ.ஓ., அதாவது விளம்பரம் இல்லாமல் தேடலில் வருவது, இதற்கு நேர் எதிர். விளம்பரத்தில் பணம் நின்ற நிமிடம் வரத்தும் நின்றுவிடும். நல்ல பக்கம் ஒன்று எழுதி வைத்தால் வருடக்கணக்கில் ஆள் கொண்டுவரும். ஆனால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். மே மாதக் கோடை விழாவுக்கு ஏப்ரலில் பக்கம் எழுதினால் அந்த வருடத்துக்குப் பெரிதாக உதவாது, அதற்கு விளம்பரம்தான். எஸ்.இ.ஓ. என்றதும் எல்லாரும் ஏற்காடு ஹோம்ஸ்டே என்ற ஒரே சொல்லுக்கு அடித்துக்கொள்கிறார்கள், அதில் பெரிய புக்கிங் தளங்கள்தான் முதலில் நிற்கும். வரப்போகிறவர் வேறு என்னவெல்லாம் தேடுவார் என்று யோசித்துப் பாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவு உள்ள அடிவாரம் ரோட்டில் வருவதா, குப்பனூர் வழியாக வருவதா? எஸ்டேட் மண் ரோட்டில் சின்ன கார் ஏறுமா? டிரைவருக்குத் தங்க இடம் உண்டா? மழைக்காலத்தில் கரண்ட் போனால் என்ன செய்வார்கள்? இப்படித் தேடுகிறவர் ஊரை முடிவு செய்துவிட்டார், தங்குமிடம் மட்டும்தான் பாக்கி. குப்பனூர் வழியைப் பற்றித் தெரிந்ததை எழுதி, இரண்டு ரோட்டின் படமும் போட்டு, கடைசியில் ரூம் விவரம் கொடுத்தால் அந்த ஒரு பக்கத்துக்கு வருகிற ஐம்பது பேர், சும்மா வந்து போகிற ஐயாயிரம் பேரைவிட மேல் என்று நான் உறுதியாகச் சொல்வேன். எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்பதை கூகுளின் சர்ச் கன்சோல் இலவசமாகவே காட்டும். அடுத்த பக்கத்துக்கான தலைப்பு அதிலேயே கிடைக்கும்.

மேப்பில் வரும் கூகுள் பிசினஸ் புரொஃபைலும் இலவசம். தேடிய பொருளோடு பொருத்தம், தூரம், கடைக்கு இருக்கும் பிரபலம், இந்த மூன்றை வைத்துத்தான் வரிசை. உள்ளூரிலேயே வாங்குகிற தொழிலுக்கு, அதாவது தையல் கடை, டிஃபன் கடை, பல் மருத்துவர் போன்றவர்களுக்கு, வேறு எதிலும் ஒரு ரூபாய் போடும் முன் இதைச் சரிசெய்ய வேண்டும்: சரியான கேட்டகரி, திறக்கும் நேரம், சமீபத்துப் படங்கள், வருகிற ரிவியூவுக்குப் பதில். மலையில் இருப்பவர்கள் மேப் பின்னை ஒருமுறை போனை எடுத்துக்கொண்டு நடந்தே சரிபாருங்கள். பின் இருநூறு மீட்டர் தள்ளி இருந்தால் விருந்தாளி ராத்திரியில் பக்கத்து எஸ்டேட் கேட்டில் போய் நிற்பார். இதன் எல்லை என்னவென்றால், சேலம் என்ற பெயர் சேர்க்காமல் தேடும் வெளியூர்க்காரருக்கு அவர் ஊர்க் கடைகள்தான் முதலில் தெரியும். வாடிக்கையாளரை நேரில் பார்க்காமல் ஆன்லைனில் மட்டும் விற்பவருக்கு கூகுள் விதிப்படி இந்தப் புரொஃபைலே கிடையாது. வீட்டிலிருந்து சேலை அனுப்பும் இளம்பிள்ளைப் பெண்களில் பலர் அந்த வகை.

அவர்களுக்கு இன்ஸ்டாகிராம்தான். சேலையை யாரும் வார்த்தையாகத் தேடி வாங்குவதில்லை. முந்தானையை விரித்துக் காட்டி, பார்டரை வெயிலில் திருப்பி, விலையை வீடியோவிலேயே சொன்னால், பார்க்கிறவருக்கு அங்கேயே மனசு வந்துவிடும். ஆனால் வெப்சைட்டுக்கு ஆள் அனுப்புவதில் இன்ஸ்டா பலவீனம். ரீல்ஸ் பார்க்கிறவர் அடுத்த ரீலுக்குத்தான் போவார். பூஸ்ட் பட்டனை அழுத்திப் பணத்தை விடுவதைவிட, வெப்சைட்டில் மெட்டா பிக்சல் (யார் எந்தப் பக்கத்தைப் பார்த்தார் என்று இன்ஸ்டாவை நடத்தும் மெட்டாவுக்குச் சொல்லும் சின்ன கோடு) போட்டு, ஏற்கெனவே சேலைப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வாங்காமல் போனவருக்கு மட்டும் மறுபடி விளம்பரம் காட்டுவது மேல். வரத்து குறைவாக இருக்கும்போது அந்தப் பட்டியல் சிறிதாகத்தான் இருக்கும், அதனால் முதல் சில மாதம் பொறுக்க வேண்டும். கொலுசுப் பட்டறை இதில் பணம் போட வேண்டியதில்லை. டிசைன் வீடியோ போட்டு வைத்தால் போதும்.

இந்தியாமார்ட், ஜஸ்ட்டயல் மாதிரி பட்டியல் தளங்களில் விசாரிப்பு வரும், வரத்து உங்கள் வெப்சைட்டுக்கு இல்லை. அதே விசாரிப்பு இன்னும் சிலருக்கும் போயிருக்கும், பேச்சு விலையில் ஆரம்பித்து விலையிலேயே முடியும். புதிதாகத் தொழில் தொடங்கியவருக்கு அறிமுகம் கிடைக்கும் என்பதற்காக ஒரு வருடம் வைத்துக்கொள்ளலாம். ஆயிரம் விசிட்டர் இவ்வளவு ரூபாய் என்று விற்கிறார்களே, அந்தப் பக்கமே போகாதீர்கள். வருவது பெரும்பாலும் மெஷின்.

மாதம் பத்தாயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால் கொலுசுக்காரர் ஏழாயிரத்தைத் தேடல் விளம்பரத்திலும் மீதியைப் பக்கம் எழுதுவதிலும் போடட்டும். ஹோம்ஸ்டேக்காரர் ஜனவரியிலேயே பக்கங்களை எழுதி முடித்துவிட்டு, விளம்பரப் பணத்தை ஏப்ரல், மே மாதங்களுக்குச் சேர்த்து வைக்கட்டும். சேலைக்காரர் வீடியோவுக்கும் பிக்சல் விளம்பரத்துக்கும் பிரிக்கட்டும்.

எது வேலை செய்கிறது என்று பார்க்கப் பெரிய மென்பொருள் தேவையில்லை. நம் ஊரில் விசாரிப்பு வருவதே வாட்ஸ்அப்பில்தான். வாட்ஸ்அப் பட்டனில் முதல் வரியை முன்கூட்டியே நிரப்பி வைக்க முடியும். விளம்பரத்துக்கென்று தனிப் பக்கம் வைத்து அதில் "கொலுசு மொத்த விலை வேண்டும்" என்றும், சாதாரணப் பக்கத்தில் "கொலுசு பற்றிக் கேட்க வேண்டும்" என்றும், இன்ஸ்டாவில் கொடுக்கும் லிங்க்கில் "வீடியோவில் பார்த்த டிசைன்" என்றும் வையுங்கள். மாதக் கடைசியில் போனில் இந்த மூன்று வரியையும் தனித்தனியாகத் தேடி எண்ணிப் பார்த்து, ஆர்டர் எதிலிருந்து வந்தது என்று பக்கத்தில் குறித்துக்கொண்டால், அடுத்த மாதப் பணம் எங்கே போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.