சாண எரிவாயு அடுப்பு: குழி சமத்து, குழாய்தான் படுத்தும்

சிலிண்டர் விலை ஏறும்போதெல்லாம் பாலக்காட்டு மாவட்டத்து எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கோபர் கேஸ், அதாவது சாண எரிவாயுப் பேச்சு மறுபடி கிளம்பிவிடும். மாடு வைத்திருப்பவர்கள் வந்து குழியை எட்டிப் பார்த்து, "கட்டினா லாபமா?" என்று கேட்பார்கள். பல வருடமாக இதில்தான் எங்கள் வீட்டுச் சமையல். சிலிண்டர் ஒன்று ஓரமாக நிற்கிறது, விருந்தாளி வந்தால் மட்டும் அதற்கு வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எங்களுடையது தினம் 2 கன மீட்டர் வாயு தரும் அளவுள்ள 'தீனபந்து' மாதிரி. செங்கல்லும் சிமெண்டும் வைத்து மண்ணுக்கடியில் கட்டும் அரைக்கோளக் குழி. ஆஃப்ப்ரோ என்ற அமைப்பு 1984-இல் கொண்டுவந்த மாதிரி இது. அதற்கு முன்பு எல்லோரும் கட்டியது காதி கமிஷனின் இரும்புத் தொட்டி மாதிரி. வாயு சேரச் சேரத் தொட்டி மேலே எழும்பும், அதனால் அழுத்தம் ஒரே சீராக இருக்கும். ஆனால் இரும்பு துருப்பிடிக்கும், பெயிண்ட் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தீனபந்துவில் அந்தத் தொல்லை இல்லை. மேலே விரிசல் விடாமல் பூசியிருந்தால் போதும், குழியை மறந்தே விடலாம்.

இந்த அளவுக் குழிக்குத் தினம் ஏறக்குறைய 50 கிலோ சாணி வேண்டும், அதே அளவு தண்ணீரும். கட்டுத்தரையில் நாலைந்து மாடு நின்றால் சாணிக்குக் கவலையில்லை. சித்தூர் தாலுகாவின் கிழக்குக் கோடியில் இருப்பவர்களுக்குக் கோடையில் தண்ணீர்தான் பிரச்சினை. நாங்கள் கட்டுத்தரை கழுவும் தண்ணீரையே கரைக்க எடுத்துக்கொள்கிறோம். ஆனால் பினாயில் ஊற்றிக் கழுவிய அன்று அந்தத் தண்ணீரை வெளியே விட்டுவிடுவோம், உள்ளே வேலை செய்வது உயிருள்ள நுண்கிருமிகள் அல்லவா. மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் சாணியையும் சில நாள் ஒதுக்கிவைப்போம். கரைக்கும்போது வைக்கோல் துண்டுகளைக் கையால் பொறுக்கி எடுக்க வேண்டும். விட்டால் உள்ளே மிதந்து, மேலே கெட்டியாக ஆடை கட்டி, வாயுவை வெளியே விடாது. காலையில் சாணியில் கைவைக்க வீட்டில் ஒரு ஆள் இல்லையென்றால் இதைக் கட்டவே வேண்டாம்.

வாயு எவ்வளவு இருக்கிறது என்பதை, குழியிலிருந்து கரைசல் வெளியேறும் வெளித்தொட்டியைப் பார்த்தே சொல்லலாம். உள்ளே வாயு சேரும்போது அது கரைசலை அழுத்தி வெளித்தொட்டியில் ஏற்றும். கரைசல் மேலே நின்றால் தைரியமாக மட்டை அரிசி உலை வைக்கலாம், கீழே இறங்கிக் கிடந்தால் காப்பியோடு சரி. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்து இரவு குளிரும்போது வாயு குறையும். 35 டிகிரி வெப்பம் இந்தக் கிருமிகளுக்கு ரொம்பப் பிடித்தது, 20-க்குக் கீழே போனால் மந்தமாகிவிடும்.

இனி குழாய்க்கு வருகிறேன். குழியிலிருந்து வரும் வாயு ஈரமானது. குழாயில் குளிர்ந்ததும் அந்த ஈரம் தண்ணீராகி, எங்கே பள்ளமோ அங்கே தேங்கும். அப்போது தீ குபுக் குபுக்கென்று துள்ளும், சில நேரம் அணைந்தும்போகும். எங்கள் வீட்டில் குழாய் போட்டவர் பார்வைக்கு அழகாக, மட்டமாகப் போட்டுவிட்டுப் போனார். "அம்மிணி, தீ எகிறுது பாரு, கொழாய்ல தண்ணி நிக்குது" என்று அத்தை குரல் கொடுக்காத வாரமே கிடையாது. கடைசியில் சரிவு வைத்து மாற்றிப் போட்டு, தாழ்வான இடத்தில் தண்ணீர் வடிக்க ஒரு திருகு வைத்த பிறகுதான் நிம்மதி. இன்னொன்று, இந்த வாயுவில் கொஞ்சம் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டு, அந்த அழுகிய முட்டை வாடை அதனுடையதுதான். எரிந்தபின் வாடை தெரியாது, ஆனால் இரும்புக் குழாயை அரிக்கும், பித்தளைத் திருகைக் கறுக்கவைத்து இறுகச் செய்யும். அதனால் எச்.டி.பி.இ. என்னும் கெட்டி பிளாஸ்டிக் குழாய் போடச் சொல்லுங்கள்.

அடுப்பும் தனி. சிலிண்டர் அடுப்பையே மாட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். சாண வாயுவில் மீத்தேன் 60 சதவீதம் போல, மீதி பெரும்பாலும் எரியாத கரியமில வாயு. ஒரு கன மீட்டர் சாண வாயு தரும் சூடு சிலிண்டர் கேஸில் அரைக் கிலோவுக்கும் குறைவுதான். அதனால் அடுப்பில் வாயு வெளிவரும் ஜெட் துளை பெரிதாக இருக்க வேண்டும். சாண வாயு அடுப்புக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 8749 முத்திரை உள்ள அடுப்பாகப் பார்த்து வாங்குங்கள். தீனபந்துவில் காலையில் அழுத்தம் அதிகம், சமைக்கச் சமைக்கக் குறையும். அதற்கேற்பத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து கொடுக்கப் பழக வேண்டும். புது மருமகள்களுக்கு இதுதான் முதல் பாடம்.

கசிவு விஷயத்தில் இரண்டும் நேரெதிர். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். மீத்தேன் லேசானது, மேலே ஏறும். கூரையோரம் காற்றுப்போக்கி திறந்திருந்தால் நல்லது. என்ன கோளாறாக இருந்தாலும் குழிக்குள் ஆளை மட்டும் இறக்கவே கூடாது, மூச்சுமுட்டிச் செத்துப்போவார்கள்.

மிச்சமா? தினம் 2 கன மீட்டர் முழுதாகக் கிடைத்தால் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றின் வேலை பதினைந்து பதினாறு நாளில் தேறும் என்பது கணக்கு. நடப்பில் அவ்வளவு வராது. வெளிவரும் கரைசல் தென்னைக்குப் போவதால் எங்களுக்கு உரச்செலவு குறைந்தது, அதையும் சேர்த்துத்தான் கட்டுப்படியாகிறது.

கொச்சியிலிருந்து கூற்றநாடு வழியாக மங்களூருக்குப் போகும் இயற்கை எரிவாயுக் குழாய் 2021 ஜனவரியில் திறக்கப்பட்டதிலிருந்து, "பைப் கேஸ் வரப்போகுது, இனி எதுக்கு இது" என்பவர்களும் உண்டு. அதிலும் மீத்தேன்தான், கரியமில வாயுக் கலப்பில்லாமல் நன்றாகவே எரியும். எங்கள் தோட்டத்து வீடு வரை வந்தால் பார்த்துக்கொள்வோம். இப்போது கட்டுபவர்கள் கொத்தனாருக்குக் கணக்குத் தீர்க்கும் முன் ஒரு வாளித் தண்ணீரில் சோப்பு கரைத்து, குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் தடவிப் பாருங்கள். நுரை பொங்கினால் அங்கேயே நிறுத்தி, திரும்ப இறுக்கச் சொல்லுங்கள்.