கல்பெப்பர் செம்மண்ணில் ஆறு வருடம்: என் மெட்டல் டிடெக்டர் அனுபவம்

வர்ஜீனியா மாநிலத்தின் கல்பெப்பர் கவுண்டியில் ஒரு மாட்டுப் பண்ணை. 1863 டிசம்பர் முதல் 1864 மே தொடக்கம் வரை வடக்குப் படையினர் ஒரு லட்சம் பேருக்கு மேல் இந்தக் கவுண்டி முழுக்க மரக்குடிசை கட்டிக்கொண்டு குளிர்காலத்தைக் கழித்தார்கள். அதற்கு முன்பே, 1863 ஜூன் 9 அன்று, பிராண்டி ஸ்டேஷன் பக்கத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் மிகப் பெரிய குதிரைப்படைச் சண்டை நடந்தது. அவர்கள் விட்டுப்போன ஈயக் குண்டுகளும் பொத்தான்களும் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. 2019 நவம்பரிலிருந்து பண்ணைக்காரரின் அனுமதியோடு ஒரே கருவியை வைத்துக்கொண்டு அங்கே தேடுகிறேன்.

கருவி நடுத்தர விலை. 15 கிலோஹெர்ட்ஸ் ஒற்றை அலைவரிசை, நான்கு ஏஏ பேட்டரி. கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் இந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை.

முதல் பருவம் வேதனையானது. வீட்டுத் தோட்டத்தில் சோதித்தபோது காசு, மோதிரம், ஆணி எல்லாவற்றையும் எண் போட்டுச் சரியாகக் காட்டிய கருவி, பண்ணையில் இறங்கியதும் குழம்பிவிட்டது. காரணம் மண். நான் சிவகங்கைப் பக்கத்துச் செம்மண்ணில் வளர்ந்தவன், அந்த நிறம் எனக்குப் புதிதில்லை. ஆனால் அந்தச் சிவப்பு இரும்புத் தாது என்பதும், காயில் (கருவியின் அடியில் இருக்கும் கம்பிச் சுருள் தட்டு) அனுப்பும் அலைக்கு அந்த மண்ணே பதில் சொல்லும் என்பதும் இங்கே வந்துதான் புரிந்தது. நான்கைந்து அங்குலத்துக்குக் கீழே கிடக்கும் ஈயக் குண்டைக்கூடத் திரை இரும்பு என்றுதான் காட்டும். அதை நம்பி விலகிப்போன இடங்கள் எத்தனையோ.

இரண்டாம் பருவத்தில் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். நல்ல ஹெட்ஃபோன் வாங்கினேன். பத்தடி நடந்தால் ஒருமுறை கிரவுண்ட் பேலன்ஸ் செய்தேன், அதாவது மண்ணின் பதிலைக் கருவி ஒதுக்கிவிடும்படி சரிசெய்தேன். காயிலை மண்ணை உரசுகிற மாதிரி வைத்து, மிக மெதுவாக வீசினேன். ஆணியின் சத்தம் ஒரு பக்கம் வீசும்போது கேட்கும், குறுக்கே திரும்பி நின்று வீசினால் உடைந்து போகும். குண்டின் சத்தம் எவ்வளவு மெலிதாக இருந்தாலும் இரண்டு பக்கமும் திரும்ப வரும். இதைக் காது பழக எனக்கு ஒரு வருடம் ஆனது. மழை பெய்த மறுநாள் சிக்னல் தெளிவாக வரும் என்பதையும் அப்போதுதான் கவனித்தேன்.

பல்ஸ் இன்டக்‌ஷன் வகைக் கருவி (தொடர் அலைக்குப் பதில் விட்டுவிட்டு அலை அனுப்புவது) இந்த மண்ணை எளிதாகத் தாண்டிவிடும். நண்பர் ஒருவர் தன்னுடையதை இரண்டு வார இறுதிகளுக்குக் கொடுத்தார். நான் பத்து முறை நடந்த இடத்திலேயே ஒரு அடி ஆழத்தில் குண்டு கிடைத்தது. ஆனால் அது இரும்பைச் சரியாகப் பிரித்துச் சொல்லாது. குடிசை இருந்த இடங்களில் அங்குலத்துக்கு ஒரு ஆணி. முதுகு ஒடிந்துவிட்டது. விலையும் பல மடங்கு. திறந்த மேய்ச்சல் நிலத்துக்கு அது, குடிசை இடத்துக்கு என்னுடையது என்பதுதான் என் முடிவு.

தேய்மானம் என்று பார்த்தால், காயிலுக்கும் அதன் உறைக்கும் நடுவில் மண் புகுந்து பொய்ச் சத்தம் கிளப்பும். மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். கைப்பட்டையை ஒருமுறை மாற்றினேன். தோண்டிய குழிக்குள் உலோகம் எங்கே என்று காட்டும் கையடக்கப் பின்பாயின்டர் இல்லாமல் போகவே வேண்டாம். சிவப்பு மண் ஒட்டிய குண்டு கண்ணுக்குத் தெரியாது.

இனி என் பெரிய தவறு. முதல் வருடம் கிடைத்த 40 குண்டுகளையும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தேன். எது எங்கே கிடைத்தது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. இரண்டாம் வருடத்திலிருந்துதான் ஒவ்வொன்றின் இடத்தையும் போனில் குறித்து, சுடப்பட்டதா, தவறி விழுந்ததா என்றும் எழுதத் தொடங்கினேன். சுடாத குண்டின் உருவம் சிதையாமல் இருக்கும், சுட்டது நசுங்கியோ வரிவரியாகக் கீறியோ இருக்கும். மூன்று வளையம் இருந்தால் பெரும்பாலும் வடக்கின் மினியே குண்டு. இரண்டு வளையம் என்றால் தெற்கின் கார்ட்னர் வகை.

மூன்று வருடக் குறிப்புகளை வரைபடத்தில் போட்டபோது நெஞ்சு படபடத்தது. மேட்டின் ஓரமாகச் சுடாத ஷார்ப்ஸ் கார்பைன் (குதிரைப்படையின் குட்டைத் துப்பாக்கி) குண்டுகள் ஒரே கோட்டில் வந்தன. அவற்றுக்கு இடையிலும் பின்னாலும் எதிரே இருந்து வந்து நசுங்கிய குண்டுகள். குதிரையை விட்டு இறங்கிய வீரர்கள் அங்கே வரிசையாக நின்று சுட்டிருக்கிறார்கள், அவசரத்தில் கைதவறிக் கீழே போட்டிருக்கிறார்கள் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். 1984-ல் மொன்டானாவின் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் தொல்லியலாளர்கள் மெட்டல் டிடெக்டரால் குண்டுகளின் இடத்தைக் குறித்துச் சண்டை நகர்ந்த விதத்தைக் கண்டறிந்தார்கள். அதே முறைதான். என் பாட்டிலில் இருக்கும் 40 குண்டுகளும் அந்தக் கோட்டின் எந்தப் பகுதி என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதை நினைத்தால் இன்றும் வலிக்கிறது.

சில விஷயங்களில் விளையாட வேண்டாம். தேசியப் பூங்காவான போர்க்களங்களுக்குள் டிடெக்டரைக் கொண்டுபோவதே குற்றம். பீரங்கிக் குண்டு போலத் தெரிந்தால் தொடாமல் விலகி நின்று போலீசைக் கூப்பிடுங்கள். 2008-ல் இதே வர்ஜீனியாவில், அனுபவமுள்ள சேகரிப்பாளர் ஒருவர் பழைய பீரங்கிக் குண்டைச் சுத்தம் செய்யும்போது அது வெடித்து இறந்துபோனார். ஈயத்தின் மேலுள்ள வெள்ளைப் படிவத்தைச் சுரண்டாதீர்கள். அது நஞ்சு, கை கழுவாமல் சாப்பிடவும் கூடாது. தோண்டிய குழியைப் புல்லோடு மூடுங்கள், மாட்டின் கால் அதில் மாட்டினால் முறிந்துவிடும்.

ஊரில் இருக்கும் தம்பி, இங்கேயும் தேடலாமா என்று கேட்டார். இந்தியாவில் 1878-ம் வருடப் புதையல் சட்டம் இருக்கிறது; 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வேண்டாம் என்றே சொன்னேன்.

பண்ணைக்காரருக்கு எழுபது தாண்டிவிட்டது. கிடைப்பதில் பாதி அவருக்கு என்பது முதல் நாளே பேசியது. வரைபடத்தின் ஒரு நகலையும் அவரிடம் கொடுத்திருக்கிறேன். மேட்டின் அந்தக் கோடு கிழக்கு வேலி வரை நீள்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் பாதுகாக்கப்பட்ட போர்க்கள நிலம். கடைசிக் குண்டு வேலியிலிருந்து ஆறு அடியில் கிடைத்தது. அதைக் குறித்துக்கொண்டு அங்கிருந்தே திரும்பிவிட்டேன்.